நாலு சக்கரமும் நாலு துண்டு ஊறுகாயும்

போன மாதம் அடிலெய்டில் ஒரு கல்யாணம். போன இடத்தில் பாலைவனத்தையும் பார்த்துவிட்டு வந்தேன்... குகன் அண்ணையின் மானத்தைக் காப்பாற்ற!

அண்ணை எங்கள் ஊரான கிங்ஸ்பரியில் என் பக்கத்து வீட்டுக்காரர். பென்னாம்பெரிய ஃபோர் வீல் டிரைவ் வைத்திருக்கிறார். இதுவரை அது ஏறிய ஆகப் பெரிய மலை, எங்கள் தெரு நடைபாதை விளிம்பு. "கோயிலுக்கும் டியூஷனுக்கும் போக இவ்வளவு பெரிய வண்டியோ?" என்று கேட்டுக் கேட்டே சனம் அவரை நோகடித்துவிட்டது.

அதனால், விமானத்தில் போய் இறங்கிய அடிலெய்டில் அதே மாதிரி ஒரு வண்டியை வாடகைக்கு எடுத்தார். கரடுமுரடான பாதையில் ஓட்டி, புழுதி அப்பிய வண்டியோடு படம் எடுத்து ஹாலில் மாட்ட வேண்டும். பிறகு யார் வாய் திறப்பார்கள்?

வண்டியை வாடகைக்குத் தந்தவர் காட்டியதோ சின்னப் பாதை, ஓட்டப் பழகுகிறவர்கள் போவது. ஆனாலும் அண்ணை கேன் கேனாகத் தண்ணீர் ஏற்றினார். ரைஸ் குக்கரும் ஏற்றினார். பாலைவனத்தில் பிளக் எங்கே என்று நான் கேட்கவில்லை.

பாதை தொடங்குமிடத்தில் சிக்கல். சக்கரத்துக்கு வைக்கத் தேசிக்காய் இல்லை! கொண்டுவந்த எலுமிச்சம்பழங்களைப் பழ ஈ வருமென்று வழிச் சோதனையில் அதிகாரிகள் பறித்துவிட்டார்கள்.

"தேசிக்காய் நசிக்காமல் என்னால வண்டி எடுக்க ஏலாது."

அவர் மனைவி மலர் அக்கா பையைத் திறந்தார். "ஊறுகாய் கிடக்கு. அதுவும் தேசிக்காய்தானே?"

நான் சிரித்தேன். அண்ணை சிரிக்கவில்லை. நாலு சக்கரத்துக்கும் நாலு துண்டு, எண்ணெய் வழிய வழிய வைத்தார்.

"இறுக்கிப் பிடியுங்கோ!" ஆடாத வண்டியில் எதைப் பிடிப்பது? ஆமை வேகம். இரண்டு மேடு, ஒரு பள்ளம்... பாதை முடிந்தது.

"முடிஞ்சுதோ?" என்றார் அண்ணை, அழாக்குறையாக. வண்டியில் பொட்டுப் புழுதி இல்லை. எனக்கே பாவமாகிவிட்டது. மூன்று பேருமாகச் சிவப்பு மண்ணை அள்ளி வண்டிமேல் வீசத் தொடங்கினோம்.

அப்போது பின்னால் ஒரு சின்னப் பழைய கார் வந்து நின்றது. அதே பாதையால்தான்! ஓட்டி வந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி. "புதைந்துவிட்டீர்களா? இழுத்து விடவா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"நோ, நோ... போட்டோ" என்றார் அண்ணை. பாட்டியே படமும் எடுத்துத் தந்தார்.

நேற்று அண்ணை வீட்டில் விருந்து. ஹாலில் படம். மண் அப்பிய வண்டி, நெஞ்சை நிமிர்த்திய அண்ணை. வந்தவர்கள் அசந்துதான் போனார்கள். ஒருவர் மட்டும் கிட்டப் போய் உற்றுப் பார்த்தார்.

"பின்னால நிக்கிற சின்னக் கார் எப்பிடி அங்க வந்தது?"

"அதுவோ..." அண்ணை தொண்டையைச் செருமினார். "புதைஞ்சு போய்க் கிடந்தது. நாங்கள்தான் இழுத்து விட்டனாங்கள்."

நான் வாய் திறக்கவில்லை — வாய் நிறைய மலர் அக்காவின் ஊறுகாய்.