பெயிண்டுக்கு அடியில் இருந்த நம்பர்

1. வேகன் வந்த வழி

ரிட்டயர் ஆகி ஆறு மாசம் வீட்ல சும்மா உட்கார்ந்திருந்தேன். "எங்கனா வேலைக்குப் போங்க, இல்லைனா நான் போறேன்"னு வீட்டுக்காரம்மா சொல்லிட்டாங்க. அப்படித்தான் வேங்கிக்கால்ல, கலெக்டர் ஆபீஸ் தாண்டி ஒரு மாடியில இருக்கிற டேட்டா கம்பெனில செக்கரா சேர்ந்தேன்.

முப்பத்தஞ்சு வருஷம் ரயில்வே யார்டுல வேகன் பார்த்தவன் நான். சுத்தியால ஒரு தட்டு தட்டினா சக்கரத்துல கிராக் இருக்கா இல்லையானு சொல்லிடுவேன். அந்தத் திமிரோடதான் முதல் நாள் உள்ள போனேன். மேனேஜர் செல்வம் என் பையன் வயசு. கம்ப்யூட்டர்ல ஒரு போட்டோவைத் திறந்து காட்டினாரு. துருப்பிடிச்ச, கூரையோட மூடின வேகன், சுத்தியும் ஆள் உயரத்துக்குப் புல்லு.

"சார், இது அமெரிக்கா வண்டி. அங்க இதை பாக்ஸ் கார்னு சொல்லுவாங்க. போட்டோவைப் பார்த்து நம்பர், வகை, எந்த வருஷம் செஞ்சது, எல்லாம் ஷீட்ல ஏத்தணும். ஏத்துறது பர்வீன். சரியானு பார்க்கிறது நீங்க."

பர்வீன் டவுன்ல இருந்து ஸ்கூட்டியில வரும். ரெண்டு பிள்ளைங்க. வீட்டுக்காரர் தையல் கடை வெச்சிருந்தாரு, கண்ணு ஆபரேஷனுக்கு அப்புறம் மிஷின்ல உட்கார முடியல. வீடு ஓடுறது இந்தப் பொண்ணு சம்பளத்துலதான். இந்த வேலையில எனக்கு மூணு வருஷம் சீனியர். முதல் வாரம் அமெரிக்கா ரயில்வேயைப் பத்தி எனக்குச் சொன்னதே பர்வீன்தான்.

அங்க நம்மள மாதிரி ஒரே ரயில்வே கிடையாதாம். எல்லாம் தனியார். அஞ்சாறு பெரிய கம்பெனி, அதுக்குக் கீழ ஒரு மாவட்டம் ரெண்டு மாவட்டம் அளவுக்கு ஓடுற குட்டிக் கம்பெனிங்க நூத்துக்கணக்குல. பெரிய கம்பெனி லாபமில்லைனு விட்ட லைனை குட்டிக் கம்பெனி வாங்கும். நல்லா ஓடினா பெரியவன் திரும்ப வந்து முழுங்குவான். ஒவ்வொரு தடவையும் வேகனுக்கு ஓனர் மாறும், பெயிண்ட் மாறும்.

"அடேயப்பா, நம்மூர்ல மாடு கூட இத்தனை கை மாறாதே"னு சொன்னேன். பர்வீன் சிரிச்சுது.

2. பௌர்ணமி அன்னிக்கு

அமெரிக்காவுல அப்படி ஒரு குட்டி ரயில்வே மூடிப்போச்சு. அதோட யார்டுல நாப்பது பாக்ஸ் கார். இடத்தை வாங்கினவன் எல்லாத்தையும் கட் பண்ணி ஸ்கிராப்புக்குப் போடப் போறான். அந்த ஊர்க்காரங்க ஒரு சரித்திர சங்கம் வெச்சிருக்காங்க. அவங்களால ஒண்ணே ஒண்ணைத்தான் காப்பாத்த முடியும். அந்த ரயில்வே தன்னோட சொந்த ஒர்க்‌ஷாப்ல, உள்ளூர் ஆளுங்களை வெச்சுச் செஞ்ச வண்டி ஒண்ணாவது மிச்சம் இருக்கானு கண்டுபிடிச்சுக் குடுங்கனு எங்க கம்பெனியைக் கேட்டிருந்தாங்க. அந்த ஒர்க்‌ஷாப் ஐம்பதுகள்லயே மூடியாச்சு.

எதைக் காப்பாத்தலாம், எதைக் கட் பண்ணலாம்னு லிஸ்ட் அனுப்ப வேண்டிய நாள் பௌர்ணமி. எனக்கு வீடு அடி அண்ணாமலை. சாயங்காலம் ஆனா கிரிவலக் கூட்டத்துல பஸ் உள்ள நுழையாது. மதியமே கிளம்பணும்னு கால்ல சுடுதண்ணி ஊத்தின மாதிரி இருந்தேன்.

"சார், இந்த 61427ஐ ஒரு நிமிஷம் பாருங்க. ரிவெட் வெச்ச வண்டி, வெல்டிங் வர்றதுக்கு முந்தின பழசு. பெயிண்ட் உரிஞ்ச இடத்துல அடியில வேற ஒரு நம்பர் தெரியுது சார்."

நான் எட்டிப் பார்த்தேன். நம்பர்ல முதல் ரெண்டு இலக்கம் 61. நம்மூர் வேகன்ல பதினோரு இலக்க நம்பர் இருக்கும். அதுல ரெண்டு இலக்கம் அது பொறந்த வருஷம். பொறந்ததுல இருந்து ஸ்கிராப் ஆகிற வரைக்கும் அது மாறாது. முப்பத்தஞ்சு வருஷம் அதையே படிச்ச கண்ணு, வேற எப்படிப் பார்க்கும்?

"அறுபத்தொண்ணுல செஞ்சதும்மா. ஒர்க்‌ஷாப் அதுக்கு முன்னாடியே மூடிட்டான். அடியில தெரியுறது ஷன்டிங்ல, வண்டியை மாத்தி நிறுத்துறப்ப எவனாவது கிறுக்கினதா இருக்கும்."

"அங்க நம்பர்ல வருஷம் வராதுங்க சார். ஓனர் மாறினா நம்பரும் மாறும்."

"எனக்கே வேகன் பார்க்கக் கத்துக்குடுக்கிறியா? கட்டிங் லிஸ்ட்ல போடு."

குரல் கொஞ்சம் ஜாஸ்தியாவே வந்துடுச்சு. பர்வீன் நான் சொன்னபடியே டைப் பண்ணுச்சு. அனுப்பின லிஸ்ட்ல, ஏத்தினவங்கனு பர்வீன் பேரு மட்டும்தான் இருக்கும். எங்க ஆபீஸ் வழக்கம் அது. செக்கர் பேரு வெளிய போகாது. நான் ரெண்டு மணி பஸ்ஸைப் பிடிச்சு வீட்டுக்குப் போய், மோர் குடிச்சுட்டுத் தூங்கினேன்.

3. கேபின்ல

அடுத்த வாரம் ஒரு நாள், சாயங்காலம் கிளம்புற நேரத்துல செல்வம் கேபின்ல இருந்து சத்தம்.

"ஏம்மா, கண்ணை எங்க வெச்சுக்கிட்டு ஏத்தின? இந்த கான்ட்ராக்ட் போச்சுனா பன்னெண்டு பேர் வீட்டுக்குப் போகணும். நாளையில இருந்து நீ வர வேணாம்."

உள்ள போனேன். கம்ப்யூட்டர்ல அந்த சங்கத்துச் செக்ரட்டரி அம்மா அனுப்பின போட்டோ. 61427க்குக் கூரை இல்ல. கட் பண்ணிக் கீழ போட்டிருக்கான். கட்டர் சூட்டுல பக்கவாட்டுப் பெயிண்ட் உரிஞ்சு, அடியில ஒர்க்‌ஷாப் பேரும் பழைய நம்பரும் பளிச்சுனு தெரியுது. அந்த அம்மாவோட அப்பா அந்த ஒர்க்‌ஷாப்ல ரிவெட் அடிச்சவராம். வேடிக்கை பார்க்கப் போன இடத்துல தற்செயலா பார்த்து, சத்தம் போட்டு நிறுத்தியிருக்காங்க.

பர்வீன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கல. "சார் சொல்லித்தான் போட்டேன்"னு ஒரு வார்த்தை சொல்லல. துப்பட்டா நுனியைக் கையில சுத்திக்கிட்டு நிக்குது.

மறைக்காம சொல்றேன், ஒரு நிமிஷம் வாயைத் திறக்காம நின்னேன். இந்த வயசுல சின்னப் பையன் முன்னாடி அசிங்கப்படணுமானு இருந்துச்சு. எனக்கு பென்ஷன் வருது. இந்த வேலை போனா எனக்கு ஒண்ணும் குடி முழுகாது. அந்தப் பொண்ணுக்கு முழுகும். இது தெரிஞ்சும் ஒரு முழு நிமிஷம் நின்னேனே, அதை நினைச்சா இன்னிக்கும் வெக்கமா இருக்கு.

"தப்பு என்னுதுங்க. பர்வீன் சரியாத்தான் சொல்லுச்சு. நான்தான் அதட்டி கட்டிங் லிஸ்ட்ல போட வெச்சேன்."

செல்வம் என்னை உட்காரச் சொன்னாரு. அப்புறம் அந்த அம்மாவுக்கு வீடியோ கால் போட்டாரு. அவங்களுக்கு அப்ப காலை நேரம். எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல நடந்ததைச் சொன்னேன். திட்டுவாங்கனு பார்த்தா, அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: பெயிண்டுக்கு அடியில நம்பர் இருக்குனு முதல்ல பார்த்தது யாரு? பர்வீனைக் காட்டினேன். மீதி போட்டோ எல்லாத்தையும் இவங்களே கடைசியாப் பார்க்கட்டும்னு சொல்லிட்டாங்க. ரெண்டு பக்கச் சுவரும் அடித்தளமும் மிஞ்சின அந்த வண்டியைத்தான் எடுத்து வெச்சிருக்காங்க.

மறுநாள்ல இருந்து பர்வீன் செக்கர். நான் ஏத்துறவன்.

கீழ ஸ்கூட்டி எடுக்கிற இடத்துல, "தப்பா நினைச்சுக்காதம்மா"னு சொன்னேன். ஹெல்மெட்டைக் கையில வெச்சுக்கிட்டு என்னை நேரா பார்த்துச்சு.

"என் வேலை போகாம உண்மையைச் சொன்னீங்க, ரொம்ப தேங்க்ஸ் சார். ஆனா அன்னிக்கு ஒரு நிமிஷம் பாருங்கனுதான கேட்டேன்? பார்த்திருந்தீங்கனா அந்தம்மாவோட அப்பா அடிச்ச கூரை கீழ விழுந்திருக்காது."

 இந்த வேலைக்குப் புதுசா வர்ற அனுபவஸ்தங்களுக்கு நான் சொல்றது இவ்வளவுதான்: தப்பை ஒத்துக்கிட்டா ஆளைக் காப்பாத்தலாம். கட் பண்ணினதை ஒட்ட முடியாது. பக்கத்து சீட்டுக்காரங்க பாருங்கனு கூப்பிட்டா, பஸ் போனாலும் பரவால்ல, எழுந்து போய்ப் பாருங்க.