கேஸ் அடுப்புக்கு ஒரு குழி

எங்கள் அடுப்படிச் சுவரைப் போன்ற ஒரு கரும்பலகையை நான் படித்த எந்தப் பள்ளிக்கூடத்திலும் பார்த்ததில்லை. என்னைப் பெற்ற ஆத்தா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து விறகுப் புகை பூசிப் பூசி ஏறிய கருப்பு அது. சாக்பீஸ் வைத்தால் கோடு பளிச்சென்று விழும். எண்பதுகளின் நடுவில் ஒரு வைகாசி மாதம், அந்தச் சுவரில்தான் புதுச் சமையலறைக்குத் திட்டம் போட்டோம். திட்டம் போட்டவர்கள் அய்யா, தாய்மாமன், நான். மூவரில் ஒருவர்கூட அதுவரை சோறு வடித்ததில்லை. அனுபவம் குறுக்கே வராததால் யோசனைகள் தங்குதடையின்றி வந்தன.

அவசரத்துக்குக் காரணம் ஆத்தாவின் கண். மதுரையில் ஆபரேஷன் செய்த டாக்டர், "இனிமே இந்தம்மா புகைப் பக்கமே போகக் கூடாது. போனா அந்தக் கண்ணுக்கு நான் பொறுப்பில்ல" என்று சொல்லிவிட்டார். அதை அய்யாவைப் பார்த்துச் சொன்னார். அய்யா ஏதோ தன் கண்ணைப் பற்றிப் பேசுவதுபோல் தலையாட்டினார். ஆத்தாவை ராசிங்காபுரத்தில் என் அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்தோம். என்றைக்கோ பதிந்துவைத்து நாங்களே மறந்துபோயிருந்த கேஸ் கனெக்‌ஷனுக்கு அதிசயமாக அந்த மாதமே முறை வந்தது. ஏஜென்சி ஆள் வந்து அடுப்படியைப் பார்ப்பார். சரியில்லை என்றால் முறை அடுத்தவருக்குப் போய்விடும். மறுபடி எப்போது வரும் என்று கடவுளைக் கேட்டாலும், ஏஜென்சியில் விசாரிக்கச் சொல்லியிருப்பார்.

இதற்கு நடுவே, பஸ்ஸில் வருகிற ஊர்க்காரர்களிடமெல்லாம் ஆத்தா சொல்லியனுப்பிக்கொண்டிருந்தாள். "ஆடி பொறக்க முன்னாடி வந்திருவேன். வேல முடியலைன்னா அதுக்காக யாரும் மெனக்கெட வேணாம். பழைய அடுப்புலயே ரெண்டு வெறக வச்சுப் பொங்கிக்கிறேன்." எங்களுக்கு அது ஆறுதல் வார்த்தையாகத் தெரியவில்லை. கெடு வைத்ததுபோல்தான் இருந்தது.

மலையடிவாரத்தில் அய்யாவுக்குக் கொஞ்சம் மானாவாரிக் காடு இருந்தாலும் பெருமையெல்லாம் மலைமேல்தான். போடிமெட்டுக்கு அப்பால் ஒரு ஏலத்தோட்டத்தின் ஸ்டோரில், அதாவது பச்சை ஏலக்காயை உலர்த்தும் கட்டடத்தில், பல பருவங்கள் நெருப்புப் போட்டவர். ஸ்டோரின் அடுப்பு வாய் வெளியே இருக்கும். சூடு தகரக் குழாய் வழியே அறைக்குள் சுற்றி வரும். காயின் ஈரம் ஆவியாகப் போனதும் ஜன்னல்களை இறுக்கி மூடிவிட வேண்டும். வெளிக்காற்று பட்டால் காயின் பச்சை மங்கிவிடும். இந்த ஞானத்தை அவர் அலுங்காமல் மலையிலிருந்து இறக்கி எங்கள் அடுப்படியில் வைத்தார்.

"ஜன்னல அடைச்சிருவோம். காத்து நொழஞ்சா சூடு போயிரும். வெலைக்கு வாங்குற தீயத் தெருவுக்கா எரிக்கிறது?"

"அய்யா, இது சோறாக்குற எடம். காய் காயப் போடுற எடமில்ல."

"அப்பச் சோத்துக்குச் சூடு வேணாமா?"

கல்லூரியில் மூன்று வருடம் வேதியியல் படித்திருந்தேன். இந்தக் கேள்வியை அங்கே யாரும் கேட்டதில்லை.

மாமாவின் துறை தண்ணீர். அவரும் எஸ்டேட்டில் இருந்தவர். ஊற்றிலிருந்து ஓஸ் பைப்பில் தண்ணீரைச் சரிவு பார்த்துத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு இறக்கியவர். ஆனால் மலைத் தண்ணீருக்கு இறங்கத் தெரியும். எங்கள் தெரு முனிசிபாலிட்டித் தண்ணீருக்கு ஏறத் தெரியாது. தரையிலிருந்து முழ உயரத்தில் குழாய் வைத்தால் காற்றுதான் வரும், அதுவும் கொட்டாவி விடுகிற மாதிரி. அதனால் ஒவ்வொரு வீட்டிலும் தரையைத் தோண்டி, குழிக்குள் குழாயை இறக்கி, குடத்தைக் கீழே வைத்துப் பிடிப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு சாண் அதிகம் தோண்டினால் நம் வீட்டில் தண்ணீர் நின்றுவிடும். நாமும் தோண்ட வேண்டும். மற்ற ஊர்கள் மாடி கட்டி மேலே முன்னேறிக்கொண்டிருந்தபோது எங்கள் தெரு பூமிக்குள் போட்டி போட்டு இறங்கிக்கொண்டிருந்தது.

"குழியக் கொல்லையில வச்சாத்தான அக்கா குடத்தத் தூக்கிட்டு அலையணும்? அடுப்படிக்குள்ளயே வெட்டிருவோம் மச்சான். இடுப்பளவு வெட்டி, நாலு படி வச்சு, ஒரு குழாய். மேல மேடை. மேடையில அடுப்பு. அக்கா எறங்கித் தண்ணியப் பிடிச்சா, ஏறி உலையப் போட்ரலாம்."

"மாப்ளே, நீ படிச்சிருக்க வேண்டிய ஆளுடா" என்றார் அய்யா. படித்திருந்த ஆள் பக்கத்திலேயே சாக்பீஸோடு நின்றுகொண்டிருந்தேன்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூட வாசலை மிதித்தவன் நான். அதற்குரிய மரியாதை எனக்குக் குறைவில்லாமல் கிடைத்தது. மருந்துச் சீட்டு வந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். பஸ் போர்டைப் படிக்கக் கூப்பிடுவார்கள். மற்றபடி நான் வாயைத் திறந்தால், படித்த பிள்ளைக்கு வெயில் ஆகாது, உள்ளே போய் உட்காரச் சொல்லுங்கள் என்பார்கள். இருந்தாலும் விடவில்லை. சுவரில் படம் போட்டேன். இது மேடை, இது சிலிண்டர், இது குழி, இது அடைத்த ஜன்னல் என்று அம்புக்குறி இட்டு, கேஸ் காற்றைவிட அடர்த்தி மிகுந்தது, கசிந்தால் தரையோடு படர்ந்து பள்ளத்தில் போய்த் தேங்கும், ஜன்னலும் இல்லையென்றால் வெளியேற வழியே கிடையாது என்று விளக்கினேன். பரீட்சையில் எழுதியிருந்தால் முழு மதிப்பெண் கிடைத்திருக்கும்.

மாமா படத்தை ரசித்துப் பார்த்தார். "மருமகனே, காத்தவிடக் கனமான காத்துன்னா, அத ஏன்டா சிலிண்டர்ல போட்டு மூடுறாய்ங்க? சாக்குல கட்டிக் குடுக்கலாம்ல?"

அய்யா சிரித்த சிரிப்பில் அன்றைக்குப் பகுத்தறிவு தோற்றது. மறுநாள் கொத்தனார் வந்தார். நான் வரைந்த படத்தின் மேலேயே சுண்ணாம்பு அடித்து வேலையை ஆரம்பித்தார்.

ஆனி பிறந்து காற்றும் தொடங்கிவிட்டது. கணவாய் வழியாக அது இறங்குகிற வேகத்தில் தெருவில் சைக்கிள் மிதிக்காமலே ஓடும். அய்யாவுக்கு அது போதுமான சாட்சி. "பாத்தியா? ஜன்னல விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?" என்று செங்கல் வைத்துப் பூசிய இடத்தைத் தடவிக் கொடுத்தார். குழியும் தயாராயிற்று. மாமா உள்ளே இறங்கிக் குழாயைத் திறந்தார். தண்ணீர் உண்மையிலேயே வந்தது. பக்கத்து வீட்டில் ஒரு பெண் குரல் எங்களை வாழ்த்தாத வார்த்தைகளால் வாழ்த்தியது.

ஏஜென்சி ஆள் தேனியிலிருந்து பஸ்ஸில் வந்தார். கையில் தோல் பை, சட்டைப் பையில் இரண்டு பேனா. அடுப்படி வாசலில் நின்று குழியை எட்டிப் பார்த்தார். மேடையைப் பார்த்தார். மறுபடி குழியைப் பார்த்தார்.

"என்னங்க இது? பூக்குழி எறங்கப் போறீங்களா?"

"தண்ணிக் குழி சார்" என்றார் மாமா, பாராட்டை எதிர்பார்க்கிற குரலில்.

"கேஸு கசிஞ்சா நேரா இதுலதான் வந்து தேங்கும். ஒரு தீக்குச்சியக் கிழிச்சா நெசமாவே பூக்குழிதான். சன்னலு வேற இல்ல. கனெக்‌ஷன் எல்லாம் குடுக்க முடியாதுங்க."

ஒரு மாதமாக நான் சொல்லிக்கொண்டிருந்த அதே விஷயம். ஆனால் அவர் பஸ் ஏறி வந்து சொன்னார். மாமா சற்றும் தாமதிக்கவில்லை. "அதையேதான் சார் நானும் சொல்லிக்கிட்டுக் கெடக்கேன். கேட்டாத்தான?" என்று என்னைப் பார்த்து வருத்தமாகத் தலையை ஆட்டினார். குழியை மூடிக் கொல்லைக்கு மாற்றிவிடுவதாக அந்த இடத்திலேயே வாக்குக் கொடுத்தார்.

அய்யா அப்படி வளைகிறவர் அல்ல. "குழிய மூடிருவோம். ஜன்னல் விசயம் வேற. நான் நெருப்போட பொழங்குனவன்" என்றார்.

"பெரியவரே, நாளன்னிக்கு இந்தப் பக்கம் வர்றேன். சன்னலு இருந்தா உங்களுக்கு. இல்லாட்டி அடுத்த ஆளுக்கு" என்று அவர் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலை ராசிங்காபுரத்திலிருந்து வந்தவர் ஒரு செய்தி கொண்டுவந்தார். ஆத்தா மூட்டை கட்டிவிட்டாளாம். கொல்லையில் அடுக்கியிருக்கிற விறகு நனையாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னாளாம். அய்யா மேடையில் ஏறி உட்கார்ந்திருந்தார். அதுவரை அந்த மேடைக்கு அது ஒன்றுதான் பயன்.

எனக்கு ஆத்திரம் வந்தது. அடர்த்தியையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டுக் கேட்டேன். "அய்யா, ஸ்டோர்ல உள்ள ஓடுற தகரக் குழாய் ஓட்டையாயிருச்சுன்னா என்ன செய்வீக?"

"அதென்ன கேள்வி? பொக காய்க்குள்ள எறங்கிரும். நெருப்ப இழுத்துப் போட்டுட்டு, கதவு ஜன்னல் அம்புட்டையும் தொறந்து விடுவேன்."

"பொக கண்ணுக்குத் தெரியும். கேஸு தெரியாது. ஆத்தாவுக்கு இப்ப இருக்கிற பார்வைக்கு எதுவுமே தெரியாது. எதத் தொறப்பா?"

அய்யா என்னைப் பார்த்தார். அப்புறம் செங்கல் வைத்து அடைத்த இடத்தைப் பார்த்தார். "இத மொதல்லயே தமிழ்ல சொல்லித் தொலைஞ்சிருக்கலாம்ல?" என்றார். கொத்தனாருக்கு ஆள் அனுப்பவில்லை. கொல்லையிலிருந்து கடப்பாரையை எடுத்துவந்து தானே இடித்தார். ஒவ்வொரு இடிக்கும் என் படிப்பை ஒரு வார்த்தை திட்டினார்.

கனெக்‌ஷன் கிடைத்தது. குழி கொல்லைக்குப் போனது. அதற்குப் பதிலாக மேடைப் பக்கம் தொட்டி வைத்து மாமா ஆசையாகப் பூட்டிய பித்தளைக் குழாயில் இன்றுவரை ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறியதில்லை. ஆத்தா அதில் கரித்துணி மாட்டினாள். நல்ல உறுதியான குழாய்.

ஆத்தா ஆடிக்கு முதல்நாள் கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கினாள். சுண்ணாம்பு அடித்த சுவரைத் தடவிப் பார்த்தாள். "நெசமாவே வெள்ளையா இருக்கா, இல்ல என் கண்ணு வெளுத்துப் போச்சா?" என்று கேட்டாள். நான் அடுப்பைப் பற்றவைத்துக் காட்டினேன். அவள் நெருப்பைப் பார்க்காமல் அதற்கு மேலே, வழக்கமாகப் புகை எழுகிற இடத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் எங்களை வெளியே போகச் சொல்லிவிட்டாள்.

சிறிது நேரம் கழித்து நான்தான் முதலில் எட்டிப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தாள். கண்ணிலிருந்து தாரை தாரையாக நீர். "அய்யா!" என்று கத்தினேன்.

அதன்பிறகு நடந்தது மூன்று நிபுணர்களின் கூட்டு முயற்சி. மாமா பாய்ந்து சிலிண்டரைத் திருகி மூடினார். நான் புத்தகத்தில் உள்ளபடி தரையோடு தரையாகப் படுத்து மோந்து பார்த்தேன். அய்யா ஓடிப்போய் ஜன்னலின் இரண்டு கதவுகளையும் சுவரில் மோதத் திறந்தார். அடித்த காற்றில் முறத்தில் இருந்ததெல்லாம் பறந்து என் முதுகில் கொட்டியது. வெங்காயச் சருகு.

"சின்ன வெங்காயம் உரிச்சேன்யா" என்றாள் ஆத்தா. "அதுக்காடா இந்தப் பாடு? எந்திரி, மிதிச்சிரப் போறேன்."

மாமா அசடு வழிந்துகொண்டே மறுபடி சிலிண்டரைத் திறந்தார். ஆத்தா பற்றவைத்தாள். காற்று ஊதியது. அணைந்தது. இன்னொரு தடவை பற்றவைத்தாள். இன்னொரு தடவை ஊதியது. அய்யாவின் முகம் மலையில் நல்ல விலைக்குக் காய் போன நாளில் இருப்பதுபோல் இருந்தது.

"ஒண்ணும் சொல்லிராதீக" என்றாள் ஆத்தா, அவர் பக்கம் திரும்பாமலே. "முழுசாவும் சாத்த வேணாம், முழுசாவும் தொறக்க வேணாம். கதவுக்குக் கீழ எதையாச்சும் குடுத்து ஒருக்களிச்சு நிப்பாட்டுங்க. வெரசா. உலை வைக்கணும்."

அய்யா சுற்றுமுற்றும் தேடினார். கொல்லைக்குப் போய், ஆத்தா நனையாமல் பார்க்கச் சொன்ன அடுக்கிலிருந்து ஒரு விறகுத் துண்டை உருவிக் கொண்டுவந்து, ஜன்னல் கதவின் இடுக்கில் செருகினார். மூன்றாவது குச்சியில் அடுப்பு நின்று எரிந்தது.

அந்த வருடம் எங்கள் சமையலுக்குச் செலவான விறகு அது ஒன்றுதான்.