சூடாக்காத அறை

பிள்ளையள், எங்கடின் என்ற பனிமலைப் பள்ளத்தாக்கில் நான் ஹோட்டல் வேலை செய்த காலத்தில் அங்கே ஒரு காவலாளி இருந்தார். மெலிந்த மனிதர். கண்ணிமை மயிர்கூட நரைத்திருந்தது. தேத்தண்ணி குடித்தால் கடைசி மிடறைக் கோப்பையிலேயே விட்டுவிடுவார். முன்பு எரிவாயுக் கப்பலில் வேலை செய்தவராம்.

குளிர்காலத்துக்கு ஹோட்டல் திறக்குமுன் எல்லா அறைகளிலும் ஹீட்டரைப் போடச் சொன்னார் முதலாளி. மேல்மாடிக் கடைசி அறை வாசலில் காவலாளி என்னை மறித்தார்.

"இதைச் சூடாக்காதையும், ஐசே."

"ஏன் அண்ணை, உள்ளுக்கு மீன் வைச்சிருக்கிறியளோ?"

அவர் சிரிக்கவில்லை.

"எரிவாயுவைக் கடுங்குளிரில தண்ணி மாதிரி ஆக்கித்தான் கப்பலில ஏத்துறது. திரும்பி நிரப்ப வாற கப்பல் முழுக்க இறக்காது. கொஞ்சம் எரிவாயுத் தாங்கியில மிச்சம் விடும். இல்லாட்டித் தாங்கி சூடாகிப்போம். பிறகு அந்தக் குளிரை ஊத்தேக்க இரும்பு பிளந்திடும்."

"அதுக்கும் இந்த அறைக்கும் என்ன?"

"என்ர தம்பி இஞ்ச வரேக்க மலையில பனிக்குள்ள செத்துப்போனவன். அவன் அந்தக் குளிரோடதான் வருவான். சூடான அறை அவனைத் தாங்காது."

நான் ஹீட்டரைத் தொடவில்லை. அன்றிரவு அவர் கட்டிலருகே ஒரு கோப்பை நிறையத் தேத்தண்ணி வைத்தார். கதவைப் பூட்டித் திறப்பை என்னிடமே தந்தார்.

காலையில் நான்தான் திறந்தேன். கோப்பையில் ஒரு மிடறு மட்டும் உறைந்து கிடந்தது.

"மிச்சம் விட்டிருக்கிறான்," என்றார் அவர், முகம் மலர்ந்து. "அப்ப திரும்பி வருவான்."

இரவு முழுக்க அந்தத் திறப்பு என் சட்டைப் பையில்தான் இருந்தது, பிள்ளையள்.