வள்ளித்தாய்க்குத் தெரிந்த ஓர் எழுத்து

இருபத்தாறு வருஷமாகச் சிவகாசியில் ஒரு பாத்திரக் கடை வாசலில் உட்கார்ந்து எவர்சில்வர் பாத்திரங்களில் பேர் வெட்டுகிறேன். என்னைக் கேட்டால் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு குணம் உண்டு. 'க' விறைப்பான ஆள். 'ம' பந்தியில் உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்காது. 'இ'யைக் கண்டால் மட்டும் எனக்கு எரிச்சலாக வரும். மெஷின் ஊசி ஒரே ஓட்டமாக ஓடாது, பாத்திரத்தை மூன்று தரம் திருப்ப வேண்டும். எழுப்ப எழுப்பச் சுருண்டு படுத்துக்கொள்ளும் பிள்ளை மாதிரி.

அந்த எழுத்தை எனக்குப் பிடிக்க வைத்தவள் வள்ளித்தாய். நாரணாபுரத்துக்காரி. அவளும் அவள் ஒரே மகள் இசைவாணியும் ஒரே பட்டாசுக் கம்பெனியில் வேலை. புருஷன் இல்லை. வருஷா வருஷம் தீபாவளி சீசன் முடிந்ததும் மகள் கல்யாணத்துக்கென்று ஒரு பாத்திரம் வாங்கி என் முன்னால் வைப்பாள். "அண்ணாச்சி, 'இ' போடுங்க. முன்னால கொஞ்சம் எடம் விட்டுருங்க." அந்த இடம் வரப்போகிற மாப்பிள்ளையின் இனிஷியலுக்கு. வள்ளித்தாய்க்குப் படிப்பு கிடையாது. தெரிந்தது அந்த ஓர் எழுத்துதான். வெட்டி முடித்ததும் விரலால் தடவிப் பார்த்துச் சிரிப்பாள். பதினோரு வருஷம், பதினோரு பாத்திரம்.

இந்தச் சித்திரையில் எல்லாவற்றையும் மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கினாள். எனக்கு ஒரே சந்தோஷம். பல்லைக் காட்டிக்கொண்டு கேட்டேன்.

"மாப்பிள்ள பேரு என்னம்மா? முதல் எழுத்தச் சொல்லு, போட்டுருவோம்."

அவள் மூட்டை முடிச்சை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள்.

"வாணி போயிட்டா அண்ணாச்சி. மாசியில எங்க கம்பெனி வெடிச்சுதுல்ல. நான் வேற ரூம்ல இருந்தேன். அன்னைக்குத் தலவலி, போகலம்மான்னுதான் சொன்னா. நாந்தான், அண்டா ஒண்ணுதான் பாக்கி, எந்திரி ஆத்தான்னு கூட்டிட்டுப் போனேன்."

என் நாக்கை அறுத்துப் போடலாம் போலிருந்தது.

அவள் அக்கா மகள் பானுப்பிரியாவுக்கு வைகாசியில் கல்யாணமாம். பாத்திரங்களை அவளுக்குக் கொடுக்கப் போகிறாள். ஆனால் செத்த பிள்ளையின் எழுத்தோடு மணவீட்டில் வைக்கக் கூடாது என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள்.

"அழிச்சுக் குடுங்க அண்ணாச்சி" என்றாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்படி ஒண்ணும் கொடுக்க வேண்டாம். வீட்டுலயே வச்சுக்கோ."

"வச்சுக்கிட்டு? எங்கன திரும்புனாலும் அந்த எழுத்து. சோறு எறங்க மாட்டேங்கு. இன்னொரு பிள்ளையாவது பொங்கித் திங்கட்டும்."

நான் வெட்டியதை நானே தேய்த்தேன். ஒவ்வொன்றிலும் எழுத்து மங்கி, பிறகு வெறும் பளபளப்பாகிவிட்டது. வள்ளித்தாய் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிக் குடம் வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. கடையிலிருந்து புது டம்ளர் ஒன்றை எடுத்து, எவ்வளவு அழகாக முடியுமோ அவ்வளவு அழகாக ஒரு 'இ' வெட்டி நீட்டினேன்.

"இத நீயே வச்சுக்கோ தாயி. காசு வேண்டாம்."

வாங்கி, வெகுநேரம் கையில் வைத்திருந்தாள்.

"நல்லா வெட்டியிருக்கீக அண்ணாச்சி" என்றாள். "இதுல யாருக்குத் தண்ணி கொடுக்க?"

டம்ளரை என் மேஜையிலேயே வைத்துவிட்டு, மூட்டையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள்.