தூங்காத கேப்டனுக்குப் போன அழைப்பு

அந்தச் சின்ன விமானக் கம்பெனியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. விமானிகள் எல்லோருக்கும் அவள் 'அலாரம் அக்கா'. ரோஸ்டர் போடுவது அவள் வேலை. எந்த விமானத்தில் எந்தக் கேப்டன், பக்கத்தில் எந்தக் கோ-பைலட் என்று பட்டியல் போடுவாள். யாராவது வராவிட்டால், லீவில் வீட்டில் இருப்பவரைப் போன் போட்டு வரவழைப்பாள். அவள் நம்பரைப் பார்த்ததுமே சிலர் போனைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிடுவார்கள். "பல் டாக்டருக்கு அடுத்தபடியா என்னைப் பார்த்துதான் பயப்படுறாங்க" என்று கணவனிடம் சொல்லிச் சிரிப்பாள்.

டிக்கெட் கவுன்டரில் சேர்ந்து, பிறகு இந்த மேசைக்கு வந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது. பெட்டிகள் அடுக்கும் கிடங்குக்கு மேலே, இரண்டாவது மாடியில் அறை. ஜன்னலைத் திறந்தால் ஓடுபாதை. மேசைத் திரையில் அன்றைய விமானங்கள் கட்டம் கட்டமாகத் தெரியும். ஆள் இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. முதல் பத்து வருஷம் சிவப்பு என்பது வாரத்துக்கு ஒன்றோ இரண்டோதான்.

பதினோராவது வருஷம் பெரிய கம்பெனி ஒன்று ஊருக்குள் ஹோட்டல் அறை எடுத்து நேர்காணல் நடத்தியது. நாலே மாதத்தில் முப்பத்தொரு கேப்டன்களில் பன்னிரண்டு பேர் அங்கே போய்விட்டார்கள். மிச்சமிருப்பவர்களைப் பிடித்து வைக்க இந்தச் சின்னக் கம்பெனி ஒரு போனஸ் அறிவித்தது. இரண்டு வருஷம் போகாமல் இருந்தால் ஒரு வருஷச் சம்பளம் கூடுதல். பெரிய கம்பெனிக்காரர்கள், உடனே வந்து சேர்வதற்கே அதைவிடப் பெரிய போனஸ் என்றார்கள். இரண்டு கம்பெனியும் மாறி மாறி ஏலம் கேட்டதில் ரோஸ்டர் மேசைக்குக் கிடைத்தது கம்பெனி முத்திரை போட்ட ஒரு தண்ணீர் பாட்டில்.

போனஸ் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. கூடுதல் வேலைக்குக் கூப்பிட்டு, ஒரே மாதத்தில் இரண்டு தடவைக்கு மேல் மறுத்தால் போனஸ் கிடையாது. அந்த வரி வந்த பிறகு அவளுக்கு வேலை சுலபமாகியிருக்க வேண்டும். ஆனால் அன்றிலிருந்துதான் பயம் பிடித்தது. முன்பு "இன்னைக்கு முடியாதுக்கா, உடம்பு அசதியா இருக்கு" என்று பட்டென்று சொன்னவர்கள் இப்போது ஒரு கொட்டாவியை அடக்கிக்கொண்டு "சரி, வரேன்" என்றார்கள். அந்தக் கொட்டாவி அவள் காதிலேயே நின்றது. கட்டம் பச்சையாகும். அவள் அதை நம்பாமல் இன்னொரு தடவை பார்ப்பாள்.

ஒரு புதன்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, பதினொன்றரை விமானத்தின் கேப்டன் காய்ச்சல் என்று சொல்லிவிட்டார். பக்கத்து ஊருக்குப் போய்த் திரும்பி வரும் ஐம்பது இருக்கை விமானம். அவள் ஆறு பேருக்குப் போன் போட்டாள். யாரும் எடுக்கவில்லை. ஏழாவது, பெரிய கேப்டன். ஐம்பத்தெட்டு வயது, கம்பெனியிலேயே மூத்தவர், யாரிடமும் குரல் உயர்த்தாதவர். முதல் மணியிலேயே எடுத்தார்.

"சார், தொந்தரவு பண்றேன். பதினொன்றரை ஃப்ளைட்டுக்கு ஆளே இல்ல."

"நான் ஆஸ்பத்திரியில இருக்கேன்மா. வீட்டம்மாவுக்கு நேத்து சாயங்காலம் ஏழு மணிக்கு திடீர்னு ஆபரேஷன். ராத்திரி பூரா பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்."

"எப்படி இருக்காங்க சார்?"

"பரவாயில்ல. இப்பதான் கண்ணு முழிச்சா." அறையை விட்டு வெளியே வந்து கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. "இந்த மாசம் நான் ஏற்கெனவே ரெண்டு தடவை மறுத்துட்டேன், இல்ல?"

அவள் திரையைப் பார்த்தாள். இரண்டு என்றுதான் இருந்தது. முதல் நாள் சாயங்காலம் ஆறு மணியோடு அவர் வேலை முடிந்திருந்தது. கணக்குப்படி பதினைந்து மணி நேரத்துக்கு மேல் ஓய்வு. திரைக்கு அது போதும்.

"ஆமா சார்."

"சரி, வரேன்மா. மச்சினிச்சி வந்திருக்கா, பார்த்துக்குவா."

'வேண்டாம் சார், தூங்குங்க' என்று சொல்ல வாய் வரை வந்தது. சிவப்புக் கட்டத்துக்குக் கீழே பயணிகள் எண்ணிக்கை போக நாற்பத்தொன்று, வர நாற்பத்தாறு என்று இருந்தது. மேனேஜர் கதவோரம் நின்று இவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "தாங்க்ஸ் சார்" என்று வைத்துவிட்டாள்.

விமானம் சரியான நேரத்துக்குக் கிளம்பிப் போய்ச் சேர்ந்தது. அப்போதும் அவளுக்கு நிம்மதி இல்லை. கொண்டுவந்த சாப்பாட்டைத் திறந்து நாலு வாய் சாப்பிட்டு மூடிவிட்டாள். விமானம் திரும்பி வரும் நேரம், இரண்டே கால் மணிக்கு, ஜன்னலோரம் போய் நின்றாள். வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. தூரத்தில் புள்ளியாகத் தெரிந்த விமானம் மெல்லப் பெரிதாகி, சக்கரங்களை நீட்டிக்கொண்டு தாழ்ந்து வந்தது. இதோ தரையைத் தொடப்போகிறது என்று நினைத்த நேரத்தில் மூக்கைத் தூக்கி இரைச்சலோடு மேலே ஏறிப் போய்விட்டது.

ஜன்னல் கம்பியை விட்டுத் திரும்பினாள். விமானிகளின் ரேடியோவைக் கேட்கும் பக்கத்து மேசைக்காரர் காதில் ஹெட்போனை அழுத்திக்கொண்டார்.

"சுத்திட்டு மறுபடி வராங்களாம்."

"ஏன்?"

"காரணம் சொல்லல. கோ-பைலட் பொண்ணுதான் பேசுது."

இறங்கும்போது ரேடியோவில் பேச வேண்டியவர், விமானத்தைக் கையில் வைத்திருக்காதவர். அந்தப் பெண் பேசுகிறாள் என்றால் கேப்டன் ஓட்டுகிறார். அப்படித்தான் இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாள். ஒட்டவில்லை. பதினோரு நிமிஷம். அதற்குள் நாற்பத்தாறு பேரின் வீட்டுக்கும் யார் போன் செய்வது என்பது வரைக்கும் அவள் மனசு போய்விட்டு வந்தது. விமானம் இரண்டாம் தடவை வந்து, லேசாகக் குதித்து, தரையில் ஓடி நின்றது. பயணிகள் பெட்டியை இழுத்துக்கொண்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல இறங்கிப் போனார்கள்.

பெண்கள் கழிவறையில் கோ-பைலட் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தாள். வேலைக்குச் சேர்ந்து ஐந்தே மாதம்.

"என்னம்மா ஆச்சு?"

அந்தப் பெண் குழாயை மூடவில்லை. "அவர் கண்ணு திறந்துதான் இருந்துச்சுக்கா. வேகம் குறையுதுன்னு சொன்னேன், பதில் இல்ல. இன்னொரு தடவை சொன்னேன். அப்பவும் இல்ல. ரெண்டு தடவைக்குப் பதில் வரலைன்னா நாமதான் எடுத்துக்கணும்னு சொல்லிக் குடுத்திருக்காங்க. எடுத்துட்டேன். மேல ஏறினப்புறம்தான் அவரு 'என்னாச்சு'ன்னாரு. அப்புறம் நானேதான் இறக்கினேன்." அலாரம் அக்கா குழாயை மூடினாள். தன் கைக்குட்டையை அவளிடம் நீட்டினாள்.

மேனேஜர் அவளை அறைக்குக் கூப்பிட்டார். "பதினைஞ்சு மணி நேரம் ஓய்வு இருக்கு. நீ ஒரு தப்பும் பண்ணல. விமானத்துக்குள்ள நடந்ததை ஓட்டினவங்க எழுதட்டும். நீ எதுவும் எழுத வேண்டாம்."

"அவர் ராத்திரி தூங்கலன்னு எங்கிட்ட சொன்னாரு சார்."

"அது யாருக்கும் தெரியாது. நீயா போய்க் கிளறாத. அவர் போனஸ் போயிரும், உன் வேலையும் போகும்."

வீட்டில் கணவன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எதையும் இரண்டு பக்கமும் எழுதிப் பார்ப்பவன். முழுவதையும் கேட்டுவிட்டு, "பேசாம இருந்துடு. ஊரெல்லாம் அப்படித்தான் ஓடுது" என்றான். அவர்கள் மகள் பாப்பா அடுத்த அறையில் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். அவன் இன்னொரு தட்டைக் கழுவி வைத்தான். "லீவுக்கு நீயும் பாப்பாவும் உங்க அக்கா வீட்டுக்குப் போறது அந்த ஃப்ளைட்லதானே?" என்றான் திடீரென்று. அவள் தலையாட்டினாள். அதற்குப் பிறகு அவன் 'பேசாம இரு' என்று சொல்லவில்லை.

மறுநாள் அவள் ஒரு பக்கம் எழுதிக் கம்பெனியின் விமானப் பாதுகாப்புப் பிரிவுக்குக் கொடுத்தாள். அவர் என்ன சொன்னார், தான் என்ன சொன்னாள், ஒப்பந்தத்தில் எந்த வரியை நினைத்து அவர் வந்தார் என்று ஒன்றுவிடாமல் எழுதினாள். அனுப்பிவிட்டு, வேலை போய்விடும் என்றே மேசை இழுப்பறையில் இருந்த சொந்தச் சாமான்களைப் பையில் எடுத்து வைத்தாள்.

மூன்றாம் நாள் பெரிய கேப்டன் மாடியேறி வந்தார். சீருடை இல்லாமல் அவரை அவள் பார்த்ததே இல்லை. சின்ன ஆளாகத் தெரிந்தார்.

"நீ எழுதினியாம்மா?"

"ஆமா சார். உங்களுக்குக் கெடுதல் பண்ணணும்னு இல்ல."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கண்ணைத் திறந்துட்டே நான் தூங்கினது எனக்கே தெரியலம்மா. அந்தப் பொண்ணு சொன்னப்பகூட நம்பல. முப்பது வருஷம் ஓட்டிட்டேன். இதுக்கு முன்னாடி எத்தனை தடவை இப்படி ஆயிருக்கும்னு இப்ப யோசிக்கிறேன். யாரைக் கேக்குறது?"

அவள் மேசையில் இருந்த தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் எடுத்து ஒரு வாய் குடித்தார்.

விசாரணை ஆறு வாரம் நடந்தது. மற்ற கேப்டன்கள் கூடிப் பேசி, அந்த வரியை எடுக்காவிட்டால் மொத்தமாக எதிர்க் கம்பெனிக்குப் போவோம் என்று கடிதம் கொடுத்தார்கள். கம்பெனி ஒப்பந்தத்திலிருந்து அந்த வரியை எடுத்துவிட்டது. அதோடு ஆள் இல்லாத இரண்டு ஊர்களுக்கு விமானமும் நின்றது. பெரிய கேப்டன் மருத்துவச் சோதனை முடித்து, வகுப்பெடுக்கும் வேலைக்கு மாறிக்கொண்டார். மறுபடி ஓட்ட அவருக்கே மனசு வரவில்லை. கோ-பைலட் பெண்ணை ஒரே வருஷத்தில் பெரிய கம்பெனி கொத்திக்கொண்டு போனது.

அலாரம் அக்காவின் வேலை போகவில்லை, சம்பளமும் ஏறவில்லை. இப்போது போன் எடுத்தவுடன் "எத்தனை மணி நேரம் தூங்கினீங்க?" என்று கேட்டு நோட்டில் குறித்துக்கொள்கிறாள். சிலர் உண்மையைச் சொல்கிறார்கள். சிலர் "நல்லா தூங்கினேன்கா" என்று கொஞ்சம் அவசரமாகச் சொல்கிறார்கள். அப்படிச் சொல்பவர்களின் விமானம் இறங்கி, சக்கரம் நிற்கும் வரைக்கும் அவள் நாற்காலியில் உட்காருவதில்லை.