காலை ஆறரைக்கு அக்கா கேட்ட கேள்வி

அக்காவின் பதினாறாம் நாளுக்கு வந்திருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இந்த நினைவு மலரில் அக்காவைப் பற்றி எழுதும் பொறுப்பை அத்தான் என்னிடம் கொடுத்தார்கள். கொடுக்கும்போதே, "அந்தப் பழத்தப் பத்தி மட்டும் எழுதிராத மாப்பிள" என்றும் சொன்னார்கள். நான் எழுதத்தான் போகிறேன். அக்கா இருந்திருந்தால் அதைத்தான் முதலில் எழுதச் சொல்லியிருப்பார்கள். நேரில் "வா, போ" என்றுதான் அக்காவிடம் பேசுவேன். அச்சில் ஏறும்போது அப்படி எழுதக் கை வரவில்லை.

திருவேங்கடத்துக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் ஊரில் அக்கா பிறந்தார்கள். பத்து வருடம் கழித்து நான். எனக்கு ஆறு வயதில் அம்மாவுக்குக் காலும் முகமும் வீங்கின. என்ன சீக்கு என்று யாருக்கும் தெரியவில்லை. ஆளுக்கொரு கஷாயம் கொண்டுவந்து கொடுத்தார்கள். அம்மா எல்லாவற்றையும் குடித்தார்கள், போய்விட்டார்கள். அதற்குப் பிறகு எனக்குச் சோறு போட்டது, பள்ளிக்கூடம் அனுப்பியது எல்லாம் அக்காதான். ராணுவத்தில் இருந்த அத்தானைக் கட்டி, தென்காசிப் பக்கம் குத்துக்கல்வலசைக்கு வரும்போதும், "தம்பியும் எங்கூட வருவான்" என்று சொல்லிவிட்டுத்தான் கழுத்தை நீட்டினார்கள். பிறகு அங்கன்வாடியில் வேலை கிடைத்தது. ஊர்ப்பிள்ளைகள் எல்லாம் அக்காவுக்குப் பிள்ளைகள். என்னை மட்டும் கடைசிவரை "பயந்தாங்கொள்ளி" என்றுதான் கூப்பிட்டார்கள். பொய்யில்லை. இடி இடித்தால் இப்போதும் கட்டிலை விட்டு இறங்கமாட்டேன்.

நாற்பத்து மூன்றாம் வயதில் அக்காவுக்கும் கால் வீங்கியது. இரண்டு சிறுநீரகத்திலும் நீர்க்கட்டிகள், அம்மா வழியாக வந்தது, கூடப்பிறந்தவர்களும் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். எனக்குப் பயம். "எடுக்கேன்க்கா, எடுக்கேன்க்கா" என்று இரண்டு வருடம் ஏமாற்றினேன்.

அதற்குள் அக்காவுக்கு டயாலிசிஸ் தொடங்கிவிட்டது. செவ்வாய், வியாழன், சனி. தென்காசியில் அந்த வார்டில் எப்போதும் அதே முகங்கள்தான். அக்காவுக்கு அடுத்த கட்டில் முருகையா அண்ணாச்சி, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். எதிரே செங்கோட்டையிலிருந்து வரும் ஒரு டீச்சர். நாலு மணி நேரம் மிஷினில் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும், இவர்கள் வைத்தியம் பேசிக்கொண்டிருப்பார்கள். தாகம் எடுத்தால் தண்ணீரைத் தொடாதே, ஒரு ஐஸ் துண்டை வாயில் போட்டு ஒதுக்கிக்கொள் என்பார் டீச்சர். உருளைக்கிழங்கை நறுக்கி வெந்நீரில் ஊறப்போட்டு வடித்துவிட்டுச் சமை என்பார் அண்ணாச்சி. கெண்டைக்கால் இழுத்தால் பாதத்தைச் சுவரில் அழுத்தச் சொல்லிக்கொடுத்தது அக்கா. துணைக்கு உட்கார்ந்திருக்கும் எனக்கு மட்டும் சொல்ல ஒன்றும் இருக்காது. அது ஒரு வெட்கமாகவே இருந்தது.

அந்த வருடம் குற்றால சீசனில் ஐந்தருவியில் குளித்துவிட்டு வரும்போது ஒரு பழக்கடையில் நின்றேன். மங்குஸ்தான், ரம்புட்டானுக்கு நடுவே நட்சத்திரப் பழம். "கிட்னிக்கு இதவிட நல்ல பழம் கெடையாது சார்" என்று கடைக்காரர் சொன்னார். பயந்தவன் யார் எதைச் சொன்னாலும் நம்புவான். அரைக்கிலோ வாங்கினேன்.

அக்கா பழத்தைக் கையில் வைத்துப் பார்த்தார்கள். "ஏலே, அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுவமா?"

"பழத்துக்குப் போயி எதுக்குக்கா யோசிக்க? சாப்பிடு" என்றேன்.

அக்கா நாலு துண்டு சாப்பிட்டார்கள். எனக்காகத்தான் சாப்பிட்டார்கள்.

மத்தியானச் சோற்றுக்குப் பிறகு விக்கல் தொடங்கியது. "யாரோ நெனைக்காவ" என்று அத்தான் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நிற்கவில்லை. மற்றவர்களுக்கென்றால் ஒரு செம்பு தண்ணீர் கொடுத்திருப்போம். அக்காவுக்குத் தண்ணீர் அளந்துதான். சீனியை நாக்கில் வைத்தோம், முதுகைத் தடவினோம். நாலு மணிக்கு அக்கா என்னை உற்றுப் பார்த்து, "நீங்க யாரு? எங்க தம்பி எங்க?" என்று கேட்டார்கள்.

அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன சாப்புட்டா?" சொன்னேன். "பாவி, அது நம்ம ஆளுகளுக்கு வெஷம்லா! கெளப்புங்க வண்டிய!" என்று கத்தினார். நல்ல சிறுநீரகம் இருப்பவர்களுக்கு அது வெறும் பழம். பழுதான சிறுநீரகம் அதன் நஞ்சை வெளியே தள்ளாது, அது மூளைக்கு ஏறிவிடும். எனக்கு அது தெரியவில்லை, கேட்கவுமில்லை.

அவசர டயாலிசிஸ் இரண்டு நாள் தொடர்ந்து நடந்தது. வராந்தாவில் உட்கார்ந்து நான் வேண்டாத சாமி இல்லை. மூன்றாம் நாள் அக்கா கண் விழித்து, "ஏலே பயந்தாங்கொள்ளி, எதுக்குலே அழுத?" என்று கேட்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை அக்கா வார்டில் எல்லோரிடமும் அதைச் சொன்னார்கள். இனிமேல் யார் என்ன வைத்தியம் கொண்டுவந்தாலும் முதலில் இங்கே சொல்ல வேண்டும், நர்ஸிடம் கேட்க வேண்டும், பிறகுதான் வாயில் வைக்க வேண்டும் என்றார்கள். "வாங்கிட்டு வந்தது எந்தம்பி, இந்தா உக்காந்திருக்கான்" என்றும் சொன்னார்கள். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. வீட்டுக்கு வந்து சண்டை போட்டேன்.

"எவனோ ஒருத்தன்னு சொன்னா கதன்னு கேட்டுட்டுப் போயிருவாங்கலே. பாசமுள்ள தம்பியே இப்படிச் செஞ்சிட்டான்னு சொன்னாத்தான் பயப்படுவாங்க" என்றார்கள் அக்கா.

அந்த வாரமே என்னை இழுத்துக்கொண்டு போய் ஸ்கேன் எடுக்க வைத்தார்கள். எனக்கும் இருக்கிறது. ரத்தக் கொதிப்பை அடக்கி வைத்தால் பல வருடம் தள்ளலாம் என்றார் டாக்டர். அக்கா ஒரு பிரஷர் மிஷின் வாங்கிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து மூன்று வருடம், தினமும் காலை ஆறரைக்குப் போன் வரும். "எவ்வளவுலே இருக்கு?" அவ்வளவுதான் பேச்சு. எண்ணைச் சொன்னால் வைத்துவிடுவார்கள்.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, டயாலிசிஸ் முடிந்து வீட்டுக்கு வந்து, காபி கேட்டு, அது வருவதற்குள் அக்கா சாய்ந்துவிட்டார்கள். இருதயம் நின்றுவிட்டது என்றார்கள். அன்று பழம் தின்றதாலா என்று மூன்று டாக்டர்களிடம் கேட்டேன். மூன்று பேரும் இல்லை என்றார்கள். நாலாவதாக ஒருவரிடம் கேட்கலாமா என்று இன்னும் யோசிக்கிறேன்.

மறுநாள் காலை ஆறரைக்குப் போன் அடிக்கவில்லை. மிஷினை எடுத்து பீரோவில் சட்டைகளுக்கு அடியில் திணித்துவிட்டேன். எண்ணைப் பார்க்கவே பயமாக இருந்தது. அக்கா இல்லாமல் அந்த எண்ணை யாரிடம் போய்ச் சொல்வது?

அக்காவுக்கு ஊசி குத்திய கைகளுக்கு, வாரம் மூன்று நாள் ஆட்டோவை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியவருக்கு, ஐஸ் துண்டு சொல்லிக்கொடுத்த டீச்சருக்கு, முகம் சுளிக்காமல் ஐந்து வருடம் பார்த்துக்கொண்ட அத்தானுக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி. இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

ஐந்தாம் நாள் காலை ஆறரைக்குப் போன் அடித்தது. முருகையா அண்ணாச்சி.

"தம்பி, எவ்வளவு இருக்கு?"

"நூத்தி முப்பது அண்ணாச்சி" என்றேன் சட்டென்று.

"பொய். ஒடனே சொன்னாப் பொய்யி, கொஞ்சம் இழுத்துச் சொன்னா நெசம்னு உங்க அக்கா சொல்லிட்டுப் போயிருக்கா. தனக்குப் பெறவு நாந்தான் கேக்கணும்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டா. போயி மிஷின எடுத்துட்டு வாங்க, நான் லைன்லயே இருக்கேன்."

பீரோவைத் திறந்தேன். பட்டையைக் கையில் கட்டினேன். அண்ணாச்சியின் மூச்சு போனில் கேட்டுக்கொண்டிருந்தது. எண் வந்தது. நூற்று அறுபத்தெட்டு. சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"இது நெசம்" என்றார் அண்ணாச்சி. "இன்னைக்கே டாக்டரப் பாருங்க. நாளைக்கும் கேப்பேன்."