அலுமினியக் கரவானும் டூரியரின் பெருவிரலும்

டூரியருக்கு வலது கைப் பெருவிரலில் நகம் கிடையாது. மலை ரயில் பட்டறையில் தகரவேலை செய்த காலத்தில் பெட்டிக் கதவொன்று அந்த விரலை நசுக்கிவிட்டதாம். நகம் போன இடத்தில் தோல் மெல்லியதாய், சிவப்பாய் இருக்கும். பார்க்கிறவர்கள் ஐயோ பாவம் என்பார்கள். அவருக்கோ மற்ற ஒன்பது விரலையும்விட அந்த விரலில்தான் நம்பிக்கை.

சூரிச்சுக்கு அப்பால், மலைகளுக்குள் எங்கடின் பள்ளத்தாக்கில் ஆற்றோரமாக ஒரு கம்பிங் இருந்தது. விடுமுறைக்கு வருகிறவர்கள் கூடாரம் அடித்தும், காருக்குப் பின்னால் கொழுவி இழுத்து வந்த கரவான்களை நிறுத்தியும் தங்குகிற வெளி அது. பென்சன் எடுத்த பிறகு டூரியர்தான் அதைப் பார்த்துக்கொண்டார். அவருடைய பெயர் டூரி. வயது போனவரை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட அகதிகளாய் வந்த எங்கள் இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை, அதனால் ஊர்ப் பழக்கத்தில் டூரியர் என்றோம். முதலில் சிரித்தார். பிறகு தானே ரெலிபோனில் "டூரியர்" என்று சொல்லி எடுக்கத் தொடங்கினார்.

மனைவி போய்ச் சேர்ந்து பத்து வருடம். அடுத்த கிராமத்தில் ஒரு சகோதரி. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் தடித்த குரலில் பாடிவிட்டு, அவள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருவார். வீட்டில் அவர் பேசுவது ரோமான்ஷ் மொழி. ஜெர்மன் அவருக்கும் படித்துப் பிடித்த மொழிதான். அதனால் எங்களோடு பேசும்போது முட்டை அடுக்குகிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக வைப்பார். எனக்கு விளங்கிய ஒரே ஜெர்மன் அவருடையதுதான்.

பழைய கரவான் வாங்க நினைக்கிறவர்கள் அவரைத் தேடி வருவார்கள். வண்டியைச் சுற்றி நடந்து, உள்ளே போய், சுவரைச் சாண் சாணாகப் பெருவிரலால் அழுத்திப் பார்ப்பார். கடைசியில் ஒரு சொல்தான். "காய்ந்திருக்கிறது" என்றால் வாங்கலாம். "ஈரம்" என்றால் விற்க வந்தவன்கூட வாதாடமாட்டான்.

எங்களுக்குக் கரவான் தேவைப்பட்டதன் காரணம் ஹோட்டல். நான் அங்கே சட்டி கழுவினேன். ஸ்ரீஸ்கந்தராஜா மரக்கறி வெட்டினான். என்னைவிடப் பத்து வயது இளையவன், ஸ்ரீ என்று கூப்பிடுவேன். கோடைக் காலமும் பனிக் காலமும் முடிந்தால் ஹோட்டலைப் பூட்டுவார்கள், வேலையாட்கள் அறையையும் சேர்த்துத்தான். முந்திய முறை வின்டர்தூரில் தெரிந்த குடும்பம் ஒன்றின் முன்னறையில் ஆறு கிழமை படுத்தோம். அவர்கள் எழும்புமுன் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு வெளியே போய் நடப்போம். இன்னொருமுறை அப்படி முடியாது என்று ஸ்ரீ சொல்லிவிட்டான். ஹோட்டல் முதலாளி அகதி அலுவலகத்துக்குக் கடிதம் தந்தார், கம்பிங்கில் இருக்கலாம் என்றானது.

அது 1986 புரட்டாசி. கம்பிங்கில் இரண்டு கரவான்கள் விற்பனைக்கு நின்றன. ஒன்றுக்கு அலுமினியத் தகடு போர்த்தியிருந்தது. மற்றது பிளாஸ்டிக் உடம்பு.

"அண்ணை, உதைப் பாருங்கோ," என்றான் ஸ்ரீ, பிளாஸ்டிக் வண்டியைக் காட்டி. "கலியாணக் கேக் மாதிரி வழுவழு எண்டு நிக்குது. மற்றது நெளிஞ்ச சட்டி."

"நெளிஞ்ச சட்டி ஒழுகாது, ஸ்ரீ. நான் ஒரு நாளைக்கு இருநூறு சட்டி கழுவுறன்."

"ஓம், சட்டிப் புரொபெசர் சொன்னால் அப்பீல் இல்லை."

டூரியரைக் கேட்டோம். அவர் இரண்டுக்கும் நடுவில் நின்று, நியாயம் தீர்க்கிறவர்போல இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பிளாஸ்டிக்கில் பொருத்து குறைவு. தண்ணீர் நுழைய வழியும் குறைவு. ஆனால் பாரம். இந்தக் குளிரில் வயது போனால் வெடிக்கும். வெடித்தால் அதற்கென்று ஆள் வேண்டும், என்னால் முடியாது. அலுமினியம் பாரமில்லை. ஆலங்கட்டி விழுந்தால் பள்ளம் விழும், ஓட்டை விழாது. ஒரு தகடு கெட்டால் அதைக் கழற்றிவிட்டு வேறொன்று போடலாம், அதை நானே செய்வேன். மழை பெய்தால் உள்ளே மேளம் அடிக்கும். குளிரில் வியர்க்கும், ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள்."

"அப்ப அலுமினியம் நல்லதோ?" என்று கேட்டேன்.

"ஒரு குணம் கெட்டது. தகட்டுக்குப் பின்னால் மரச்சட்டம் இருக்கிறது. அது உக்கினாலும் தகடு வெளியே மினுங்கிக்கொண்டுதான் நிற்கும். முகத்தில் காட்டாது."

அன்று ஒரு மணித்தியாலம் அந்த அலுமினிய வண்டியை அழுத்தினார். கூரைக்கும் ஏறிப் பார்த்தார். ஒரே தகடு, பொருத்தே இல்லை என்றார். கதவுப் பக்கத்து மூலையை இரண்டு தரம் அழுத்தினார். "காய்ந்திருக்கிறது. என் விரலை நம்பலாம்," என்று கை கொடுத்தார். பிறகு கொஞ்சம் நின்று, "தகட்டுத் தோலை மட்டும் துளைக்காதீர்கள். ஆணி, கொக்கி எது வேண்டுமானாலும் என்னிடம் வாருங்கள். எங்கே மரம் இருக்கிறதென்று எனக்குத் தெரியும்," என்றார்.

நான் ஓம் ஓம் என்று தலையாட்டினேன்.

ஐப்பசி பிற்பகுதியில் ஹோட்டல் பூட்டியது. வாங்கிய அலுமினியக் கரவானுக்கு வந்தோம். அந்தக் கிழமையே கந்தசஷ்டி தொடங்கியது. ஆறு நாளும் பால் பழத்தோடு விரதம் இருப்பது என் வழக்கம். முருகன் படத்தை ஜன்னலோரம் வைத்தேன். விளக்குக்குத்தான் இடம் இல்லை. மேசையில் வைத்தால் பக்கத்திலேயே காஸ் அடுப்பு.

"முருகனுக்கு விளக்கு வைக்கிறது சரி," என்றான் ஸ்ரீ. "அதுக்கு நாங்கள் ரெண்டு பேரும் வேக வேணுமோ?"

தொங்கவிடலாம் என்று நினைத்தேன். ஹோட்டலில் எறிந்த சின்னத் தேன் போத்தலுக்குக் கம்பி கட்டி, எண்ணெயும் திரியும் போட்டு வைத்திருந்தேன். கொக்கி ஒன்றும் கிடந்தது. டூரியரைத் தேடிப் போனேன். ஞாயிற்றுக்கிழமை, சகோதரி வீட்டுக்குப் போய்விட்டார். பின்னேரம் வருவார். பின்னேரம் வரைக்கும் பொறுத்திருக்கலாம். விரதம் தொடங்குகிற நாளில் விளக்கில்லாமல் இருக்கக்கூடாது என்று எனக்கு அவசரம். நானே ஸ்ரூலில் ஏறிக் கொக்கியை முகட்டில் முறுக்கினேன். கடைசிச் சுற்றில் அது சும்மா லேசாகப் போனது. சின்னதாய் ஒரு சத்தமும் கேட்டது. கேட்காததுபோல இறங்கினேன்.

ஆறு நாளும் விளக்கு எரிந்தது. சூரனைச் சங்கரித்த நாள் மனதுக்கு நிறைவாய் இருந்தது. மார்கழியில் ஹோட்டல் திறந்தது, நாங்கள் அறைக்குத் திரும்பினோம். கரவானின் மேல் ஆள் உயரத்துக்குப் பனி ஏறியது.

சித்திரையில் வந்து கதவைத் திறந்தபோது முதலில் மணம்தான் வந்தது. உக்கின மணம். கதவுப் பக்கத்து மூலை வீங்கி, பலகை சோறு மாதிரிக் குழைந்திருந்தது. அதன் கீழேதான் ஸ்ரீயின் சூட்கேஸ். அவனுடைய தாயார் எழுதிய கடிதங்கள் முழுவதும் அதற்குள். திறந்து பார்த்தான். மை கரைந்து நீலக் களியாய்க் கிடந்தது. அந்தத் தாயார் முந்திய தையில் காலமாகிவிட்டார். இனி அவரிடமிருந்து கடிதம் வரப்போவதில்லை.

ஸ்ரீ வெளியே ஓடினான். டூரியர் நீல ஏப்ரனோடு புல்வெளியில் நின்றார். சுற்றிவர ஜெர்மன்காரர்கள் கூடாரம் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"காய்ஞ்சிருக்கு எண்டியே! இதுவோ காய்ஞ்சது? விரலாம் விரல்! அந்த விரலை வெட்டி ஆத்திலை எறி!" தமிழும் ஜெர்மனும் கலந்து கத்தினான். கூடாரக்காரர்கள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

நான் உள்ளே நின்றேன். மேலே பார்த்தேன். கொக்கியைச் சுற்றித் தேத்தண்ணிக் கறைபோல ஒரு வட்டம். கொக்கி முனை கூரைத் தகட்டைத் துளைக்க, அங்கிருந்து முகட்டுக்குள்ளாலேயே தண்ணீர் ஓடி மூலையில் இறங்கியிருக்கிறது. எனக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது.

அடுத்து நான் செய்ததை எழுதத்தான் இத்தனை நாள் கை வரவில்லை. கொக்கியைக் கழற்றிக் காற்சட்டைப் பைக்குள் போட்டேன். மெழுகுதிரியைச் சுரண்டி அந்த ஓட்டையை அடைத்தேன். கறையை ஈரத் துணியால் துடைத்தேன். வெளியே அந்த மனிதர் பேச்சு வாங்கிக்கொண்டிருந்தார். உள்ளே நான் நல்ல துப்புரவாக வேலை செய்தேன், சட்டி கழுவுகிறவன் அல்லவா.

டூரியர் உள்ளே வந்தார். மூலையை அழுத்தினார். பெருவிரல் கணு வரைக்கும் உள்ளே போனது. விரலை இழுத்து ஏப்ரனில் துடைத்தார்.

"இந்த இடத்தை இரண்டு தரம் அழுத்தினேன். கல்லு மாதிரி இருந்தது," என்றார். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "என் பிழை. மன்னித்துக்கொள்," என்றார்.

நான் பரவாயில்லை என்றேன். மன்னித்துவிட்டேன்! அவரை நான்!

எங்களைத் தன் அலுவலகத்துப் பின்னறையில் தங்கவிட்டார். கரவானைக் கொட்டிலுக்குப் பின்னால் தள்ளி நிறுத்தினார். அன்று மாலை முருகன் படத்துக்கு முன்னால் நின்று, அது என் ஓட்டையால் வந்த ஈரமாக இருக்கக்கூடாது என்று கேட்டேன். கேட்டு முடித்த பிறகுதான் உறைத்தது. என்னால் வராவிட்டால் டூரியர் அழுத்தியது பிழை. அதுதானே நான் கேட்ட வரம்? அதற்குப் பிறகு அந்தப் படத்தை நேரே பார்க்க முடியவில்லை. விபூதி பூசும்போதும் கண்ணை மூடிக்கொண்டு பூசினேன்.

ஆனியில் ஒரு சனிக்கிழமை சூரிச்சிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. தாய், தகப்பன், இரண்டு பெண் பிள்ளைகள். பழைய அலுமினியக் கரவான் ஒன்றைக் காரில் கொழுவிக்கொண்டு வந்திருந்தார்கள். வாங்கலாமா என்று டூரியர் சொல்ல வேண்டும். ஹோட்டலில் எனக்கு லீவு, டூரியருக்காகப் புல் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"வேறு யாரையும் கேளுங்கள்," என்றார் டூரியர். "நான் இப்போது பார்ப்பதில்லை."

"உங்களிடம்தான் போகச் சொன்னார்கள்," என்றாள் அந்தத் தாய்.

"என் விரல் பழுது," என்று சொல்லி அந்தக் கையை ஏப்ரன் பைக்குள் ஒளித்தார். களவெடுத்த பிள்ளை கையை ஒளிப்பதுபோல இருந்தது. களவெடுத்தவன் நானோ புல் வெட்டிக்கொண்டிருந்தேன்.

அவர்கள் போனதும் மெசினை நிறுத்திவிட்டு அவரிடம் போனேன். கொக்கியை நான் எறியவில்லை, அதே பைக்குள் கிடந்தது. எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"முகட்டில். விளக்குக்கு. நான்."

அவர் கொக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எப்போது?"

"நவம்பரில்."

"நான் அழுத்திப் பார்த்த பிறகா?"

"பிறகு."

ஏணியை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் பின்னால் போனார். நான் ஏணியைப் பிடித்தேன். கூரையில் நெடுநேரம் முழந்தாளில் இருந்தார். அந்தச் சின்ன ஓட்டையின் மேல் பெருவிரலை வைத்து எடுத்து, வைத்து எடுத்துப் பார்த்தார். இறங்கி வந்தபோது முகம் சிவந்திருந்தது.

"இரண்டரை மாதம்," என்றார். "இரண்டரை மாதமாக என் கை எனக்குப் பொய் சொன்னது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்."

பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. நானும் எதிர்பார்த்திருக்கக் கூடாது. "உன் நண்பனிடம் நீயே சொல்ல வேண்டும்," என்றார். "அவன் சத்தமாகச் சொன்னான். நீயும் சத்தமாகச் சொல்."

ஸ்ரீ ஹோட்டல் பின்வாசலில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். சொன்னேன். சிகரெட்டைச் சுவரில் நசுக்கி அணைத்தான்.

"முருகனுக்கு எண்டு ஓட்டை போட்டியள், அது போகட்டும். தெரியாமல் செய்தது. நான் அந்த மனுசனை நாய் மாதிரிப் பேசேக்கை நீங்கள் உள்ளுக்கை மெழுகு அடைச்சுக்கொண்டு நிண்டியளே, அண்ணை. அதை என்னெண்டு சொல்லுறது?"

"தெரியேல்லை, ஸ்ரீ."

"விரதகாரன்!" என்று துப்பிவிட்டு, சமையல் உடுப்போடேயே கம்பிங்குக்கு நடந்தான். நான் பின்னால் போனேன். புல்வெளியில் புதிய கூடாரக்காரர்கள் நின்றார்கள். ஸ்ரீ டூரியரின் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்தான். நான் எனக்குத் தெரிந்த ஜெர்மனில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். "ஓட்டை போட்டது நான். அவர் இல்லை. நான்."

ஒரு தடித்த மனிதர் தன் கூடாரத்தை நாலு பக்கமும் தடவிப் பார்த்துவிட்டு, "எந்த ஓட்டை?" என்று பயந்துபோய்க் கேட்டார். ஸ்ரீ அழுதுகொண்டே சிரித்துவிட்டான். டூரியர் சிரிக்கவில்லை.

அடுத்த நாள் சூரிச்சுக்கு ரெலிபோன் எடுத்து, வண்டியைக் கொண்டுவரச் சொன்னார்.

இப்போது 1989. டூரியருக்கு எழுபத்தொரு வயது. இன்னும் விரலால் அழுத்திப் பார்க்கிறார். எனக்கு லீவு என்றால் ஏணி பிடிக்கக் கூப்பிடுவார், நான் போவேன். கந்தசஷ்டிக்கு விளக்கைத் தரையில், ஹோட்டல் தட்டொன்றில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவே வைக்கிறேன். ஸ்ரீ மறுபடி அண்ணை என்று கூப்பிடுகிறான், ஆனால் கடிதம் வந்தால் என் கண்ணில் படும்படி வைப்பதில்லை.

எல்லாச் சுவரையும் அழுத்தி முடித்ததும் டூரியர் விற்கிறவரிடம் ஒரு கேள்வி கேட்பார். முன்பு இந்தக் கேள்வி கிடையாது. "கூரையிலிருந்து எதையாவது தொங்கவிட்டீர்களா?" என்பார். அவர்கள் சிரிப்பார்கள், கரவானில் என்னத்தைத் தொங்கவிடுவது என்று. அவர் சிரிக்கமாட்டார். என் பக்கமும் பார்க்கமாட்டார். நான் குனிந்து, ஏணியின் கால் புல்லில் சரியாகப் பதிந்திருக்கிறதா என்று பார்ப்பேன்.